ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஒரே மூச்சில் செலுத்தலாமா?

கேள்வி: என் பூனையின் பின்னங்கால்கள் திடீரெனச் செயலிழந்துவிட்டன. இதய நோயால் உண்டான ரத்தக் கட்டி என்கிறார் மருத்துவர். கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்தை டிரிப்ஸ் மூலம் மெதுவாக ஏற்றலாம் என்கிறார். மருந்தை வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகரோ, சிரிஞ்சில் ஒரேயடியாகச் செலுத்தினால் கட்டி விரைவில் கரையும் என்கிறார். எது சரி?

பதில்: மருத்துவர் சொல்வதே சரி. ஸ்ட்ரெப்டோகைனேஸ் கட்டியை மட்டும் தேடிப் போவதில்லை. கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மின் என்ற நொதியை ரத்தம் முழுவதிலும் உருவாக்குகிறது. மருந்தை வேகமாகச் செலுத்தினால் பிளாஸ்மின் ஒரே நேரத்தில் பெருகி, பிராடிகினின் என்ற பொருளை விடுவிக்க, அது ரத்தக் குழாய்களை விரித்து, சில நிமிடங்களிலேயே ரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும். ஏற்கெனவே தளர்ந்த இதயம் இதைத் தாங்காது. பூனை எனலாப்ரில், பெனசெப்ரில் போன்ற இதய நோய் மாத்திரை உட்கொள்கிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிராடிகினினைச் சிதைக்கும் நொதியை அவை தடுப்பதால் வீழ்ச்சி இன்னும் ஆழமாகலாம்.

ஒரே ஊசியாகச் செலுத்தும் மருந்தும் உண்டே என்று தரகர் வாதிடக்கூடும். உண்டு, அது டெனெக்டெப்ளேஸ். மனிதர்களின் மாரடைப்பில் அதைச் சில நொடிகளில் செலுத்துகிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் கட்டியிலுள்ள ஃபைப்ரின் என்ற இழைப் புரதத்தோடு ஒட்டி வேலை செய்யும்படியும், ரத்தத்தில் நெடுநேரம் தங்கும்படியும் மாற்றி வடிவமைக்கப்பட்டது. அந்த மருந்துக்குரிய முறையை ஸ்ட்ரெப்டோகைனேஸுக்குப் பொருத்துவது அறியாமை. விற்பதற்காகப் பொருத்துவது குற்றம். கட்டி வளராமல் தடுக்க மட்டுமே உதவும் ஹெப்பாரினையே 'கரைக்கும் ஊசி' என்று தலையில் கட்டுவோரும் உண்டு. குப்பியின் பெயரை மருத்துவரே படித்துப் பார்க்கட்டும். குளிர்ச்சி கெட்ட, முத்திரை உடைந்த குப்பி வேண்டவே வேண்டாம். மனிதருக்காக எழுதிய துண்டுச்சீட்டோடு வரும் மருந்தைப் பூனைக்குக் கணக்கிட்டுக் கொடுக்கும் நிலையிலேயே இன்னும் நாம் இருக்கிறோம். தரகர்கள் பிழைப்பது இந்த வெற்றிடத்தில்தான்.

மெதுவாக ஏற்றினாலும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடாது. ரத்தக்கசிவு ஏற்படலாம், அடைப்பு திறந்ததும் கால்களில் தேங்கிய பொட்டாசியம் இதயத்தை நோக்கிப் பாய்ந்து உயிரையே பறிக்கலாம். அதனாலேயே பல மருத்துவர்கள் கரைக்கும் மருந்தைத் தவிர்த்து, வலிநிவாரணியும் ஹெப்பாரினும் போதும் என்று முடிவெடுக்கிறார்கள். கரைக்கத்தான் வேண்டும் என்றால், தொடங்கும் முன்பும் ஏற்றும்போது இடைவிடாமலும் ரத்த அழுத்தம் அளக்கப்படுமா, பொட்டாசியம் பரிசோதிக்கப்படுமா, அழுத்தம் சரிந்தால் டிரிப்ஸை உடனே நிறுத்த ஒருவர் பக்கத்திலேயே இருப்பாரா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், அந்த வசதியுள்ள மருத்துவமனைக்குப் பூனையை உடனே கொண்டு செல்லுங்கள்.