‘இன்னொருத்தன் நாட்டு உடுப்பைப் போடலாமா?’

கேள்வி: அன்புள்ள அக்கா, எங்களுக்கு ஒரே மகன். மூன்று வயதில் அவனைத் தூக்கிக்கொண்டு கனடா வந்தோம். இப்போது கல்லூரியில் விமானப் பராமரிப்பு படிக்கிறான். படிப்பு முடிந்ததும் கனடிய விமானப்படையில் சேரப் போகிறேன் என்கிறான். ‘நான் ஓட்டப் போவதில்லை அம்மா, பழுது பார்க்கிற வேலைதான்’ என்கிறான். என் கணவருக்கு அது பிடிக்கவே இல்லை. ‘பொம்பர் சத்தத்துக்கு ஓடி வந்த நாங்கள் பிள்ளையை அதுக்கே கொடுக்கிறதா? எங்களுக்கென்று ஒரு நாடில்லை, இவன் இன்னொருத்தன் நாட்டுக்கு உழைக்கப் போறானாம்’ என்கிறார். இருவரும் ஒரு மாதமாகப் பேச்சில்லை. மகன் வாங்கி வந்த விண்ணப்பக் கடதாசிகளை நான் குசினி லாச்சிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். நான் யார் பக்கம் நிற்பது?
– பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்: அன்புத் தங்கச்சி,

சகடை என்று நாங்கள் சொன்ன குண்டு விமானம் வந்த இரவுகளில் நானும் பங்கருக்குள் இருந்தவள். ஒவ்வொரு வருடமும் கோடை முடிகிற நேரம் ரொறன்ரோவில் வான்சாகசக் காட்சி நடக்கும். போர்விமானங்கள் ஏரிக்கு மேலே தாழப் பறக்கும்போது என் கை இன்றைக்கும் தானாகக் காதைப் பொத்துகிறது. அதனால் உங்கள் கணவர் சொன்னதன் முதல் பாதியோடு நான் வாதாடப் போவதில்லை. அந்தப் பயத்துக்கு அவருக்கு முழு உரிமை இருக்கிறது.

இரண்டாவது பாதிக்கு மட்டும் ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். பெயர் விளாதிஸ்லாவ் துரோவிச். போலந்துக்காரர்.

அவர் பிறந்தது 1908இல், சைபீரியாவில். அந்த வருடத்து உலகப்படத்தைப் பார்த்தால் போலந்து என்றொரு நாடே இருக்காது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் 1795இல் அதைப் பங்கு போட்டு முடித்துவிட்டன. அதன்பின் 123 வருடம் போலந்துக்காரர்களுக்கு மொழி இருந்தது, கோயில் இருந்தது, பாட்டு இருந்தது, நாடு இல்லை. உங்கள் கணவர் சொல்கிற அந்த வரியைச் சொல்லிக்கொண்டே நாலைந்து தலைமுறை செத்துப் போனது. 1918இல்தான் நாடு திரும்பக் கிடைத்தது. துரோவிச் வார்சாவின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்து விமான என்ஜினியரானார்.

கிடைத்த நாடு இருபத்தோரு வருடம்தான் தங்கியது. 1939 செப்டம்பர் 1இல் மேற்கிலிருந்து ஜெர்மனி நுழைந்தது, செப்டம்பர் 17இல் கிழக்கிலிருந்து சோவியத். போலந்து விமானப்படையினர் ஆயிரக்கணக்கில் ருமேனிய எல்லையைக் கடந்தார்கள். பலர் தடுப்பு முகாம்களில் இருந்து தப்பி, கள்ளப் பாஸ்போர்ட்டில் கப்பலேறிப் பிரான்சுக்குப் போனார்கள். முகவரை நம்பி நாடு நாடாகத் தாண்டி வந்த எங்கள் ஆட்களுக்கு இந்தப் பாதையை விளக்கத் தேவையில்லை. 1940 ஜூனில் பிரான்சும் விழ, மிஞ்சியது பிரித்தானியா ஒன்றுதான்.

உங்கள் கணவருக்கு முக்கியமான இடம் இங்கேதான் வருகிறது. முதலில் வந்த போலந்து விமானப்படையினரை பிரித்தானியா தன் படையின் துணைப் பிரிவில் சேர்த்தபோது, இரண்டு சத்தியம் எடுக்கச் சொன்னது. ஒன்று போலந்துக்கு, மற்றது பிரித்தானிய மன்னருக்கு. எத்தனை பேருக்கு அது தொண்டையில் சிக்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள், விட்டுக்கொடுக்கவும் இல்லை. 1940 ஆகஸ்டில் வந்த ஒப்பந்தத்தின்படி, போலந்து விமானப்படை தனிப் படையாகவே ஏற்கப்பட்டது. தங்கள் கொடி, தங்கள் சட்டம், தங்கள் சத்தியம். பறப்பதும் சண்டையும் மட்டும் பிரித்தானியத் தளபதிகளின் கட்டளையில்.

அவர்கள் பட்ட பாடும் கொஞ்சமில்லை. வேகத்தைக் கிலோமீட்டரில் படித்துப் பழகிய கண் மைலில் படிக்க வேண்டும். முன்பு பழகிய விமானங்களில் வேகம் கூட்டக் கைப்பிடியைப் பின்னால் இழுப்பார்கள், பிரித்தானிய விமானத்தில் முன்னால் தள்ள வேண்டும். அவசரத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போனால் உயிர் போய்விடும். ஆங்கிலக் கட்டளைகளைப் பழக்குவதற்காக, வளர்ந்த விமானிகளை ரேடியோ பூட்டிய மூன்று சக்கர சைக்கிளில் ஏற்றி மைதானத்தில் ஓடவிட்டார்கள். இப்படிப் பழகிய போலந்து விமானிகளின் 303ஆம் அணிதான் ஆகஸ்ட் கடைசியில் போருக்குள் இறங்கி, பிரிட்டன் வான்போர் முடிவதற்குள் 126 எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கில் பதிந்தது. போலந்து விமானிகள் மொத்தம் 145 பேர் அந்தப் போரில் பறந்தார்கள்.

சரி, அதற்குக் கைம்மாறாக என்ன கிடைத்தது? 1945இல் யால்டாவில் பெரிய தலைவர்கள் கூடி, போலந்தின் கிழக்குப் பாதியை ஸ்டாலினிடம் விட்டார்கள். அந்த ஜூலையில், போர் முழுக்கத் தங்கள் தோழனாக இருந்த போலந்து அரசை அங்கீகரிப்பதையே பிரித்தானியா நிறுத்திக்கொண்டது. உங்கள் கணவர் இதைக் கேட்டால் ‘பார், நான் சொன்னேனே’ என்பார். அவர் சொல்வது பிழையில்லை. இன்னொருவர் படையில் உயிரைக் கொடுத்தால் எங்கள் நாடு எங்களுக்குக் கிடைத்துவிடும் என்று யாராவது நம்பினால், அந்த நம்பிக்கைக்கு எதிரான முதல் சாட்சி போலந்துதான்.

திரும்பிப் போனவர்களுக்கு என்ன ஆனது? போலந்தின் தலைசிறந்த போர்விமானி ஸ்தானிஸ்லாவ் ஸ்கால்ஸ்கி 1947இல் தன் மண்ணுக்குத் திரும்பினார். அடுத்த வருடமே ஒற்றன் என்று பிடித்து, சித்திரவதை செய்து, 1950இல் மரணதண்டனை விதித்தார்கள். அது பின்னர் ஆயுள்தண்டனையாகி, 1956இல்தான் வெளியே வந்தார். பிரித்தானியாவில் தங்கியவர்களில் தளபதி மாச்செக், ஒரு கவசப் படைப்பிரிவையே நடத்தியவர், எடின்பரோவில் மதுக்கடையில் கிளாஸ் எடுத்துக் கொடுத்தார். இங்கே டாக்டர் டாக்ஸி ஓட்டுகிற கதையை நாங்கள் அறிவோம்.

துரோவிச் மூன்றாவது வழி ஒன்றை எடுத்தார். அப்போதுதான் பிறந்திருந்த பாகிஸ்தானிடம் விமானப்படை என்று ஒன்று பெயரளவில் இருந்தது. பிரித்தானிய அதிகாரிகள் போய்க்கொண்டிருந்தார்கள், விமானத்தைத் திறந்து மூடத் தெரிந்த ஆட்களுக்குப் பெரிய தட்டுப்பாடு. 1948இல் சுமார் முப்பது போலந்து அதிகாரிகளும் தொழில்நுட்பக்காரரும் அங்கே போனார்கள். ஒப்பந்தம் மூன்று வருடம். அவர்களில் ஒருவர் துரோவிச்.

கராச்சியில் அவர் செய்த வேலை சினிமாவில் வருகிற வேலை இல்லை. பெடியன்களுக்கு என்ஜின் படிப்பித்தார், தொழில்நுட்பப் பயிற்சியை அடியிலிருந்து கட்டினார், பராமரிப்பைப் பார்த்தார். உங்கள் மகன் செய்ய ஆசைப்படுகிற அதே வேலை, தங்கச்சி. மனைவி சோஃபியாவும் சும்மா இருக்கவில்லை. அங்குள்ள பிள்ளைகளுக்கு கிளைடர் ஓட்டப் பழக்கினார், பின்னாளில் கராச்சிப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பித்தார். மூன்று வருடம் முடிந்ததும் தோழர்கள் பலர் வேறு இடம் போனார்கள். இவர்கள் தங்கினார்கள். பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தார்கள். துரோவிச் ஏர் கமோடோர் பதவி வரை உயர்ந்தார். அப்புறம் ராக்கெட் வேலைக்கு அழைத்தார்கள். 1962 ஜூன் 7இல் சோன்மியானியில் இருந்து பாகிஸ்தானின் முதல் ராக்கெட் ரெஹ்பர்-1 மேலே போனதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. 1967இல் இருந்து 1970 வரை அந்த நாட்டின் விண்வெளி நிறுவனத்துக்குத் தலைவராகவும் இருந்தார். 1980 ஜனவரியில் கார் விபத்தில் இறந்தபோது கராச்சிக் கிறிஸ்தவ மயானத்தில் இராணுவ மரியாதையோடு புதைத்தார்கள். ஒரு போலந்துக் கத்தோலிக்கருக்கு, சைபீரியாவில் பிறந்தவருக்கு.

அவர் போலந்தை மறந்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரும்பிப் போயிருந்தால் சிறைதான் காத்திருந்திருக்கும். தன் நாட்டுக்குக் கொடுக்க முடியாமல் போன கைத்திறனை, கேட்ட நாட்டுக்குக் கொடுத்தார். இதில் துரோகம் எங்கே என்று உங்கள் கணவரிடம் நான் பணிவோடு கேட்கிறேன்.

ஆனால் மகனுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. இதை மறைத்தால் நான் உங்களுக்கு நேர்மையாக இருக்க மாட்டேன். துரோவிச் கட்டியெழுப்ப உதவிய அந்தப் படை 1965இல் இந்தியாவோடு போருக்குப் போனது. அவர் படிப்பித்த கைகள் பூட்டிய விமானங்கள் குண்டு கொண்டுபோயின. பழுது பார்க்கிறவன் ஹங்காருக்குள் நிற்பதால் போருக்கு வெளியே நிற்பதாக ஆகாது. கனடிய விமானப்படை பனிப்புயலில் ஆட்களைத் தேடி மீட்கிறது, உண்மை. அதே படையின் சிஎஃப்-18 விமானங்கள் 1999இல் கொசோவோவிலும் 2011இல் லிபியாவிலும் 2014இல் இருந்து 2016 வரை ஈராக்கிலும் குண்டு போட்டிருக்கின்றன. ‘பழுது பார்க்கிற வேலைதான் அம்மா’ என்று அவன் உங்களைத் தேற்றுகிறான். தன்னையும் அப்படித்தான் தேற்றிக்கொள்கிறானா என்று கேளுங்கள். குண்டு விழுகிற பக்கத்தில் நின்ற மனிதர் ஒருவர் அவன் வீட்டிலேயே இருக்கிறார். கையெழுத்துப் போட முதல் அவன் அந்த மனிதரிடம் முழுக் கதையையும் கேட்க வேண்டும். எந்த வருடம், எந்த இடம், யார் செத்தது, எப்படி ஓடினார்கள். அப்பா இதுவரை சொல்லியிருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன். எங்கள் ஆண்கள் பலர் சொல்வதில்லை.

கேட்ட பிறகும் அவன் போக விரும்பினால், போகட்டும் என்றுதான் நான் சொல்வேன். அவன் வளர்ந்த நாடு இது. அவனுக்கு இது இன்னொருத்தன் நாடு இல்லை, உங்கள் இருவருக்கும்தான் அப்படி.

நடைமுறைக் காரியம் கொஞ்சம். எத்தனை வருடம் கட்டாயம் சேவை செய்ய வேண்டும், எந்தப் பிரிவு என்று முன்னமே உறுதி தருவார்களா, இப்போது படிப்பதைக் கணக்கில் எடுப்பார்களா, வெளியே வந்தால் சிவில் விமான உரிமத்துக்கு அந்த அனுபவம் எவ்வளவு உதவும்: இவற்றை எல்லாம் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். அடிப்படைப் பயிற்சி கியூபெக்கில் சான்-ஜானில் நடக்கும், விமானத் தொழில்நுட்பப் பயிற்சி ஒன்ராறியோவில் போர்டனில். போர்டன் உங்கள் வீட்டிலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரம்தான்.

இன்னொன்று. இந்தக் கோடையில் முடிந்தால் மூவரும் பேரிஸ் பே என்கிற சிறு ஊருக்குப் போய் வாருங்கள். அங்கே யான் சூரகோவ்ஸ்கி பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. அவரும் பிரிட்டன் வான்போரில் பறந்த போலந்துக்காரர். 1952இல் கனடாவுக்குக் குடிவந்து, 1958 மார்ச் 25இல் அவ்ரோ ஆரோ என்கிற கனடியப் போர்விமானத்தை முதன்முதலாக மேலே கொண்டுபோனவர். பறந்த இடம் மோல்டன், எங்களில் பலர் பெட்டியோடு வந்து இறங்கிய அதே விமான நிலையம். நீண்ட கார்ப் பயணத்தில் அப்பாவும் பிள்ளையும் பேசாமல் இருப்பது கஷ்டம்.

யார் பக்கம் என்று கேட்டீர்கள். இப்போது நீங்கள் நிற்பது லாச்சியின் பக்கம். மகன் கடதாசியைத் தேடிக்கொண்டிருப்பான், அப்பா அது இல்லை என்று நினைத்து நிம்மதியாக இருப்பார், இருவருக்கும் நீங்கள் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இன்றைக்கு இரவு சாப்பாடு முடிந்ததும் அவற்றை எடுத்து மேசையில் வையுங்கள். தேத்தண்ணி மூன்று கோப்பை ஊற்றுங்கள். முதலில் உங்கள் கணவரைப் பேசவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா