கொடைக்கானல் ஏரியின் மறுகால்

அன்புள்ள ஐயா,

விடுமுறைக்கு மகளுடன் கொடைக்கானல் போயிருந்தேன். ஏரியைச் சுற்றி நடக்கும்போது, அது 1863இல் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் உண்டாக்கியது என்று கேள்விப்பட்டோம். “அப்படியானால் இது உண்மையான ஏரி இல்லையா, அம்மா?” என்று மகள் கேட்டாள். எனக்கும் ஏமாந்துபோனதுபோல் இருந்தது. சுற்றியுள்ள பழைய பங்களாக்களும் ஏரி வந்த பிறகு அதன் அழகுக்காகக் கட்டியவைதானா?

ஒரு வாசகி, விருதுநகர்

அன்புள்ள சகோதரி,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அங்கே வீடுதான் முந்தியது, ஏரி பிந்தியது.

1821இல் வார்டு என்ற லெப்டினன்ட் அந்த மலையை அளந்தார். வில்பட்டி போன்ற ஊர்களும் பளியர் குடிகளும் அப்போதே அங்கே இருந்தன. வெள்ளைக்காரர் குடியேற்றம் 1845இல் தொடங்கியது. மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷன்காரர்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் மனைவி மக்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. அதன் பிறகுதான் ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஏறி, சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். நீங்கள் பார்த்த பங்களா வரிசைக்கு மூலம் இந்த இரண்டும்தான். உயிருக்குப் பயந்து வந்தவர்கள் போட்ட கூரைகள் அவை.

ஏரி அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து வந்தது. மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைகள் வந்து சேரும் சதுப்பான பள்ளத்துக்குக் குறுக்கே கரை போட்டார். தண்ணீர் பள்ளத்தின் ஒவ்வொரு மடிப்பிலும் ஏறி நின்றது. கரையோரம் அப்படி வளைந்து வளைந்து போவது அதனால்தான். சுமார் அறுபது ஏக்கர் நீர்ப்பரப்பு. சுற்றி வர ஐந்து கிலோமீட்டர். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார்கள்.

இந்தப் படகை நினைத்தால் எனக்கு மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. அப்போது மலைக்கு வண்டிப்பாதையே கிடையாது. பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்திலிருந்து துரைமார் குதிரையில் ஏறினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் டோலியில் வைத்துச் சுமந்தார்கள். கடலோரத்துப் படகு ஒன்று அந்த ஒற்றையடிப் பாதையில் ஆள் தோளில்தான் ஏறியிருக்க முடியும். மழைக்காலத்தில் அந்த மலைப்பாதை எப்படி வழுக்கும் என்று எனக்குத் தெரியும். வெறுங்கையோடு நடக்கவே கால் நடுங்கும்.

அதற்குப் பின் ஊர் மளமளவென்று வளர்ந்தது. 1890இல் படகுக் கழகம், 1901இல் மிஷன் பிள்ளைகளுக்கான பள்ளி. இவை உங்களுக்குத் தெரிந்தவையாகவே இருக்கும்.

இப்போது உங்கள் மகளின் கேள்வி. விருதுநகர்க்காரரான உங்களுக்கு நான் கண்மாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப்பக்கத்தில் எந்தக் கண்மாய் தானாக உண்டானது? எல்லாம் மனிதர் மண் வெட்டிக் கரை போட்டவை. ஏரியைப் பராமரிப்பதற்கென்றே பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூரில் ஒரு வாரியம் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. நம் நாட்டில் ஏரி என்ற சொல்லுக்குள்ளேயே கரை இருக்கிறது. ஆகவே கொடைக்கானல் ஏரி மனிதன் கட்டியது என்பதற்காக அதை நான் ஒருநாளும் குறைவாக நினைக்கமாட்டேன்.

என் மனக்குறை வேறு. அந்த ஏரிக்கு ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீரை நம்பி விளையும் வயல், இல்லை. பாசனத்துக்காக அதை யாரும் கட்டவில்லை. படகு விடவும் பார்த்து மகிழவும் கட்டினார்கள். உங்கள் ஊர்க் கண்மாயில் மடை தூர்ந்தால் வயல்காரர் சண்டைக்கு வருவார். வரத்துக்கால்வாயை ஒருவன் மறித்தால் ஊரே கூடும். கொடைக்கானல் ஏரியில் பாசி படர்ந்தபோதும், கழிவுநீர் கலந்தபோதும், அப்படி உரிமையோடு மல்லுக்கு நிற்க ஆயக்கட்டுதாரர் என்று ஒருவர் இல்லை. பங்களாக்காரர்கள் சீசனுக்கு வந்து போனவர்கள். இன்று நாம் இரண்டு நாளுக்கு வந்து போகிறோம். மலையில் ஆண்டு முழுவதும் வாழ்கிறவர்கள் குரல் கொடுக்கிறார்கள். அந்தக் குரல் கீழே இருக்கும் நமக்கு எட்டுவதில்லை. இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அடுத்த முறை போகும்போது ஒன்று செய்யுங்கள். ஊருக்கு எட்டுக் கிலோமீட்டர் முன்னால், மலைப்பாதை வளைவில் வெள்ளி அருவி இருக்கிறது. பஸ்கள் நிற்கும், எல்லோரும் இறங்கிப் படம் எடுப்பார்கள். நூற்றெண்பது அடி உயரத்திலிருந்து பாறையில் சிதறி விழும் அந்தத் தண்ணீர், ஏரி நிறைந்து வழிந்து வருவது. மகளை அங்கே இறக்கி, சாரல் முகத்தில் அடிக்கும் தூரத்தில் நிற்க வையுங்கள். நம் ஊர்க் கண்மாய் மறுகால் பாய்வதுபோல் இது இந்த ஏரியின் மறுகால் என்று சொல்லுங்கள். அவளுக்குப் புரியும்.

அன்புடன்