தலைக்கட்டுக் கணக்கில் வராதவர்கள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குலதெய்வ வழிபாடு பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை என் மகள்தான் எனக்கு அனுப்பிவைத்தாள். அதைப் படித்த துணிவில் இதை எழுதுகிறேன். நான் மலேசியாவின் ஈப்போவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் தந்தையின் தந்தை 1927-இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அந்தத் தோட்டத்திலேயே இறந்தார். மணப்பாறைக்குப் பக்கத்தில் ஊர், சாமி கருப்பர் என்ற இரண்டு செய்திகளை மட்டும் எங்களுக்கு விட்டுச்சென்றார்.

சென்ற தை மாதம் இருபத்தாறு வயதான என் மகளுடன் திருச்சிக்கு வந்து, வாடகைக் காரில் நான்கு நாள்கள் அலைந்து அந்த ஊரைக் கண்டுபிடித்தோம். என் வாழ்வில் நான் பொத்தி வைத்திருக்கும் நாள்கள் அவை. தேநீர்க் கடையில் என் மகள் வழி கேட்ட தமிழைக் கேட்டு, “நீங்க சிலோனா?” என்று கடைக்கார அம்மாள் விசாரித்ததை நினைத்து இன்றும் இருவரும் சிரிக்கிறோம்.

கோவிலில் ஒரு பெரியவர் தலைக்கட்டு வரி நோட்டை எடுத்துவந்து, என் தாத்தாவின் அண்ணன் வழிப் பேரன்களின் பெயர்களை விரல் வைத்துக் காட்டினார். நான் அழுதுவிட்டேன். என் மகள், “இதில் நம்ம பேரு எங்க வரும்?” என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, “பொம்பளப் புள்ளைக்குத் தலைக்கட்டு ஏது தாயி? ஒங்கம்மாவுக்கே இங்க கிடையாது. நீ வாக்கப்படுற ஊர்ல பாத்துக்க” என்றார். அதன்பின் திருச்சி வரும்வரை அவள் பேசவில்லை. கோவில் மண்ணில் ஒரு பிடியைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தேன்; மண்ணைச் சுங்கத்தில் விடமாட்டார்கள் என்று சொல்லி, விடுதியின் பூந்தொட்டியில் அதைக் கொட்ட வைத்துவிட்டாள். மறுநாள் தாத்தா கப்பலேறிய கடற்கரையைப் பார்க்க நாகப்பட்டினம் போகும் வழியில், “உங்க அம்மாவோட அம்மா எந்த ஊரும்மா?” என்றாள். அவர்களெல்லாம் தோட்டத்துக்காரர்கள் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

அந்த ஊரை என் மகளின் பூர்விகம் என்று நான் சொல்வது பொய்யா? நான் பொக்கிஷமாக நினைக்கும் பயணம் அவளுக்கு அவமானமாக முடிந்ததோ என்ற கவலை என்னை விடவில்லை.

(பெயர் வேண்டாம்), ஈப்போ

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். முதலில் அந்தப் பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தலைக்கட்டு என்பது வரி வாங்குவதற்காக ஊர் ஏற்படுத்திக்கொண்ட கணக்கு. திருவிழாச் செலவைப் பிரிக்கும்போது, திருமணமாகித் தனிக் குடும்பமான ஒவ்வோர் ஆணையும் ஒரு தலைக்கட்டு என்று வைத்து ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். மணமாகாத பெண்ணும், கட்டிக்கொடுத்த பெண்ணும் அதில் வரமாட்டார்கள். வரி கொடுப்பவனுக்குத்தான் சாமி பங்கும் முதல் மரியாதையும் கூட்டத்தில் பேச வாயும் உண்டு என்பதால், வசூல் கணக்காகத் தொடங்கியது நாளடைவில் உரிமைக் கணக்காகிவிட்டது. அவர் உங்கள் மகளைப் புண்படுத்த நினைத்திருக்க மாட்டார். நோட்டில் உள்ளதைப் படித்துச் சொன்னார். படித்தது சரி என்பதால் அந்தக் கணக்கு நியாயமாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என் தாய் தன் பிறந்த ஊர்க் கோவிலுக்கு ஆண்டுதோறும் மாசியில் பொங்கல் வைக்கப் போவார். ஒரு முறை, நானும் வரி தருகிறேன் என்று முடிச்சை அவிழ்த்துப் பணத்தை நீட்டியபோது, கணக்கு எழுதியவர் அதை வாங்கி ‘நன்கொடை’ என்ற தனிப் பக்கத்தில் எழுதினார். அவர் என் தாயின் சொந்தத் தம்பி. திரும்பி வரும்போது பேருந்தில் என் தாய், “விருந்தாளி பக்கத்துல எழுதிட்டான்” என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போது பதினான்கு வயது. பானையைத் தூக்கிக்கொண்டு உடன் சென்றவன் என்பதற்கு மேல் அந்தப் பேச்சில் எனக்கு வேலை இருக்கவில்லை. அந்தச் சொல் உறைக்க இருபது ஆண்டுகள் ஆயின.

ஆகவே உங்கள் மகளின் மௌனத்தை அவமானம் என்று நீங்கள் படிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவள் கேட்டது “என் பெயர்” என்று அல்லவே, “நம்ம பேரு” என்றுதானே கேட்டாள்? தனக்கு இடமில்லை என்பதை அவள் எளிதில் தாங்கியிருப்பாள். நோட்டைப் பார்த்து அழுதுகொண்டு நிற்கும் தன் தாய்க்கும் அதில் இடமில்லை என்று கேட்டதுதான் அவளை வாயடைக்க வைத்திருக்கும் என்று நினைக்கிறேன். பூர்விகம் என்று சொல்வது பொய்யா என்றால், பொய்யில்லை. ஆனால் நீங்கள் கண்டது பூர்விகத்தில் பாதி.

பிடிமண்ணுக்கு வருகிறேன். பிழைப்புக்காக ஊரை விட்டுப் பிரியும் பங்காளிகள் கோவிலில் உத்தரவு கேட்டு, பூசாரி கையால் ஒரு பிடி மண் வாங்கிச்சென்று, போன இடத்தில் சாமியை நிலைநிறுத்துவது நம் வழக்கம். அதுவும் ஆண்வழி ஏற்பாடுதான். ஆனாலும் கட்டிக்கொடுத்த பெண்ணின் பின்னாலேயே, அவளுடைய பெட்டியில் ஏறித் தாய்வீட்டுச் சாமி வந்துவிட்டது என்று சொல்லும் கதைகள் தென்மாவட்டங்களில் நிறைய உண்டு. எவரிடமும் உத்தரவு கேட்காமல் நீங்கள் கைக்குட்டையில் முடிந்த மண் அந்தக் கதைகளின் சாயலில் இருக்கிறது. பூந்தொட்டியில் கொட்டச் சொன்னதற்காக மகளைக் கோபிக்காதீர்கள். சுங்கத்தைப் பற்றி அவள் சொன்னது சரிதான்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடம். தாத்தாவின் ஆண்டு, கப்பல், துறைமுகம், ஊர், சாமி எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தாய்வழிப் பாட்டியைப் பற்றி அரை வரி எழுதியிருக்கிறீர்கள். அதுவும் மகள் கேட்டதால். தலைக்கட்டு நோட்டு உங்களுக்குச் செய்ததையே நீங்களும் அவருக்குச் செய்துவிட்டீர்கள் என்று சொன்னால் வருந்தாதீர்கள். தோட்டத்துக்காரர்களும் கடல் கடந்தவர்கள்தாமே. உடலுழைப்புத் தொழிலாளர் மலாயாவுக்குப் போவதை இந்திய அரசு 1938-இல் தடைசெய்யும்வரை, நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் காத்திருந்து கப்பலேறியவர்களில் பெண்களும் இருந்தார்கள். ஆள் திரட்டிய கங்காணியோடு, கணவனோடு வந்தவர்கள் மட்டுமல்ல, கைம்பெண்களாகத் தனியே வந்தவர்களும் அவர்களில் உண்டு.

ஒரு வேடிக்கை பாருங்கள். தோட்டத்தில் அதிகாலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பெயர் கூப்பிட்டுக் கிராணி (எழுத்தர்) எழுதிய செக்ரோல் என்ற வருகைப் பேரேட்டில் பெண்ணுக்குத் தனிப் பெயர் இருந்தது, தனிக் கூலி இருந்தது. 1920-களின் இறுதியில் சில வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நாள்கூலி வகுத்தார்கள். பத்துக் காசு குறைத்தார்கள் என்றாலும், குறைப்பதற்காகவாவது அவள் பெயரை எழுத வேண்டியிருந்தது. சுரண்டுவதற்கென்றே எழுதப்பட்ட அந்தப் பேரேட்டில் கிடைத்த இடம் சொந்த ஊர்க் கோவில் நோட்டில் கிடைக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனதில் அந்தப் பேரேடுகளும் பெரும்பாலும் கறையானுக்குப் போயிருக்கும் என்பதால், உங்களை அங்கே தேடச் சொல்லவில்லை.

உங்கள் தாயின் பிறப்புச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் முதலில் அதை எடுத்து, அவரைப் பெற்றவரின் பெயரையும் பிறந்த தோட்டத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். தாயின் உடன்பிறந்த பெரியம்மாவோ சின்னம்மாவோ இருந்தால், தள்ளிப்போடாமல் இந்த மாதமே மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். எந்த ஊர் என்று நேராகக் கேட்டால் அவர்களும் தோட்டத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். பிள்ளையைத் தூங்க வைக்க அவர்களின் தாய் என்ன பாடினார், இழவு வீட்டில் என்ன சொல்லி ஒப்பாரி வைத்தார் என்று கேளுங்கள். நம் பெண்கள் பிறந்த வீட்டின் பெருமையையும் தாய்மாமனின் சீரையும் சொல்லாமல் தாலாட்டியதில்லை, ஒப்பாரி வைத்ததுமில்லை. ஓர் ஆறோ, ஏரியோ, மலையோ, சாமியோ அதில் எங்காவது தலைகாட்டும். மணப்பாறையைத் தேடியதுபோல அதை வைத்து அடுத்த தையில் தேடலாம்.

போகும்போது நீங்கள் பேசிக்கொண்டிருங்கள். ஒலிப்பதிவையும் குறிப்பெடுப்பதையும் மகளிடம் விட்டுவிடுங்கள். கேள்வியைத் தொடங்கியவள் அவள்தான்.

அன்புடன்,
ஆசிரியர்