நண்பனுக்கு வேலை கொடுக்கலாமா? – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். கல்லூரிக் காலத்து நெருங்கிய நண்பன் வேலை இழந்து நிற்கிறான். திறமைசாலி. விற்பனைப் பொறுப்பைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். சரிவராமல் போனால் நட்பும் போய்விடுமே என்று பயம். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். மற்ற ஊழியர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலையும் உண்டு. சம்பளம் பற்றி அவனிடம் பேசக் கூச்சமாக இருக்கிறது, முதலில் வந்து சேரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். சேர்க்கலாமா, கூடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பர் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு உங்களால் சும்மா இருக்க முடியவில்லை, அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். உங்கள் பயம், உங்கள் வீடு, உங்கள் ஊழியர்கள், உங்கள் கூச்சம். வேலைக்கு வரப்போகிறவருக்கு இதில் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை.

கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். நானும் இளம் வயதில் ஒரு நண்பனின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். ‘வாடா, பார்த்துக்கலாம்’ என்றுதான் அவனும் கூப்பிட்டான். மெய்ப்புத் திருத்துவேன், தாள் வாங்கப் போவேன், பாக்கி வசூலிப்பேன். மாதம் முடிந்தால் மற்றவர்களுக்குக் கவரில் சம்பளம் வரும். எனக்கு மட்டும் அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தருவான், ஒரு மாதம் கூட, ஒரு மாதம் குறைய, சில மாதம் மறந்தே போவான். மறந்த மாதத்தில் அவன் மேஜைக்கு முன்னால் போய் நின்று வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன். அவன் கெட்டவன் இல்லை, கேட்டிருந்தால் கேட்டதற்கு மேலேயே கொடுத்திருப்பான். ஆனால் உழைத்த காசைக் கடன் கேட்பதுபோல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேறு வேலை கிடைத்துக் கிளம்பியபோது ‘உனக்கு நான் என்னடா குறை வைத்தேன்?’ என்றான். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான்.

ஆகவே உங்கள் கூச்சத்தை என்னால் மென்மையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை, மன்னியுங்கள். சம்பளம் கொடுக்கப்போகிறவர் நீங்கள். நீங்கள் வாய் திறக்காவிட்டால் வேலையில்லாமல் இருக்கும் மனிதர் எப்படித் திறப்பார்? மனதில் இருப்பதைப் பேசாமல் ஒத்துக்கொண்டுவிட்டால் விஷயம் தீர்ந்துவிட்டதாக ஆகாது. பில் கேட்ஸும் பால் ஆலனும் பள்ளி நண்பர்கள், 1975இல் மைக்ரோசாஃப்டைத் தொடங்கியவர்கள். பங்கு பாதிப் பாதி என்று ஆலன் நினைத்திருந்தார், கேட்ஸ் அறுபதுக்கு நாற்பது என்றார், பிறகு அது 64க்கு 36 ஆனது. ஆலன் ஒத்துக்கொண்டார். 2011இல் வந்த தன்வரலாற்றில் அதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினார். அதற்குள் இருவரும் உலகப் பணக்காரர்கள், அப்படியும் அந்தக் கணக்கு அவர் மனதிலிருந்து போகவில்லை.

விற்பனை வேலை என்கிறீர்கள், அப்படியானால் இன்னும் கவனம். கமிஷன் உண்டா? ஆர்டர் வந்த அன்றா, வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகா? ஏற்கெனவே நீங்கள் பிடித்துவைத்திருக்கும் வாடிக்கையாளர் மறுபடி வாங்கினால் அது யார் கணக்கு? எந்தத் தேதியில் சம்பளம், ஆறு மாதம் கழித்து எதை வைத்து அவர் வேலையை எடைபோடுவீர்கள், விலகுவதானால் எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் எழுதி அவர் கையில் கொடுங்கள். நண்பனுக்கு எதற்குக் கடிதம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். முன்பின் தெரியாத ஒருவருக்கு நீங்கள் கொடுக்கும் மரியாதையை இவருக்கு ஏன் மறுக்க வேண்டும்?

வீட்டில் சொல்வதை விடுங்கள், யாரைச் சேர்த்தாலும் வீட்டில் ஒரு கருத்து இருக்கத்தான் செய்யும். ஊழியர்கள் விஷயத்தில், உங்கள் மூத்த ஊழியர் ஒருவர் அவரை நேர்காணல் செய்யட்டும், நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம். சரிவராது என்று அந்த ஊழியர் சொன்னால் அதைக் கேளுங்கள்.

சரி, சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். இந்த வாரத்துக்குள் அவர் எதிரில் உட்கார்ந்து சம்பளத் தொகையைச் சொல்ல முடியுமென்றால் சேருங்கள். முடியாதென்றால் உங்களுக்குத் தெரிந்த வேறு நிறுவனங்களில் அவரைப் பற்றி எடுத்துச் சொல்லுங்கள், அதையும் இந்த வாரமே செய்யுங்கள்.