கியர் சைக்கிளை சிங்கிள் ஸ்பீடாக மாற்ற முடியுமா? டிரெயிலர் (derailleur, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம்) தகராறு செய்கிறது, எல்லாவற்றையும் கழற்றிவிடலாமா?

முடியும். கியர் லீவர், கேபிள், டிரெயிலர் எல்லாவற்றையும் கழற்றுவது ஒரு மணி நேர வேலைதான். ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன், பின் சக்கரத்தின் ஆக்சில் ஃப்ரேமில் உட்காரும் வெட்டைக் குனிந்து பாருங்கள். என்ன வாங்க வேண்டும், எவ்வளவு செலவாகும், இந்த வேலையில் இறங்கலாமா என்பதையெல்லாம் அந்த வெட்டுதான் முடிவு செய்யும்.

காரணம் இதுதான். பின் டிரெயிலர் கியரை மட்டும் மாற்றுவதில்லை. அதில் இருக்கும் இரண்டு சின்னச் சக்கரங்கள் ஸ்பிரிங் விசையால் செயினின் தொய்வை எப்போதும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. அதைக் கழற்றிவிட்டால் செயினை விறைப்பாக வைக்க வேறு வழி வேண்டும். வெட்டு படுக்கை வாட்டில் நீளமாக இருந்தால் கவலையில்லை: சக்கரத்தைப் பின்னால் இழுத்து நட்டை முடுக்கினால் போதும். பழைய இரும்பு ஃப்ரேம்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

வெட்டு மேலிருந்து கீழாக நேராக இருந்தால் சக்கரம் ஒரே இடத்தில்தான் உட்காரும். இப்போதைய கியர் சைக்கிள்களில் அதிகம் இருப்பது இதுதான். இதற்கென்றே, செயினை விறைப்பாகப் பிடித்துவைக்கும் செயின் டென்ஷனர் விற்கிறார்கள். ஆனால் நான் முதலில் சொல்வது வேறு: பழைய டிரெயிலரின் ஸ்பிரிங் நன்றாக இருந்தால் அதையே விட்டுவைத்து, கேபிளை மட்டும் எடுத்துவிட்டு, பக்கவாட்டு எல்லையைக் கட்டுப்படுத்தும் ஸ்குரூவைத் திருகி, நீங்கள் வைத்திருக்கும் பல்சக்கரத்துக்கு நேர் கீழே நிறுத்துங்கள். பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது. ஆனால் செலவே இல்லாமல் ஓட்டிப் பார்த்துவிடலாம். பிடித்திருந்தால் அப்புறம் டென்ஷனர் வாங்கிக்கொள்ளுங்கள்.

டென்ஷனரே இல்லாமல், பற்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்தே செயினைச் சரியாக அமர வைக்கவும் சிலர் பார்ப்பார்கள். ஒரு பல் கூடினாலோ குறைந்தாலோ ஆக்சில் இருக்க வேண்டிய இடம் சுமார் 3 மில்லிமீட்டர் நகரும். அதனால் எப்போதாவது ஒரு ஜோடி கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் செயின் தேயத் தேய நீளும். இன்று விறைப்பாக இருப்பது சில மாதங்களில் தொங்கும், மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது கழன்றுகொள்ளும். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

அடுத்தது பின் ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம். சக்கரத்தைக் கழற்றி, பற்களைப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். நடுவில் டூல் மாட்டும் வரிப்பள்ளம் பற்களோடு சேர்ந்து சுற்றினால் அது கேசட், அதாவது ஹப்பின் மேல் செருகி வைத்த பல்சக்கரத் தொகுதி. அது அசையாமல் நின்று பற்கள் மட்டும் சுற்றினால் திருகி ஏற்றிய ஃப்ரீவீல்.

கேசட் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கேசட்டைக் கழற்றி, ஒற்றைப் பல்சக்கரம் ஒன்றையும் இருபுறமும் ஸ்பேசர் வளையங்களையும் மாட்டினால் போதும். வளையங்களை இடம் மாற்றிப் பல்சக்கரத்தை உள்ளேயும் வெளியேயும் நகர்த்த முடியும் என்பதுதான் இதில் பெரிய வசதி. செயின் மேலிருந்து பார்க்க முன்னும் பின்னும் ஒரே நேர்கோட்டில் ஓட வேண்டும். சாய்ந்து ஓடினால் சத்தம் போடும், பற்களைத் தின்னும், கடைசியில் கழன்று விழும். பழைய கேசட்டிலிருந்து ஒரு பல்சக்கரத்தைப் பிரித்து நிரந்தரமாக வைக்காதீர்கள். செயின் சுலபமாக அடுத்ததற்குத் தாவுவதற்காகவே அந்தப் பற்களைச் சீவிச் செய்திருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது செயினை விடாத உயரமான பல்.

ஃப்ரீவீல் என்றால் அதற்கான டூல் இல்லாமல் கழற்றவே முடியாது. இருந்தாலும் பலம் வேண்டும், மிதிக்க மிதிக்க இறுகியிருக்கும். ஒற்றைப் பல் ஃப்ரீவீல் அதே இழையில் ஏறும், ஆனால் ஹப்பை ஒட்டி உள்ளே உட்காரும். முன்னால் உள்பக்கச் செயின் வீலைப் பயன்படுத்தினால் சில சமயம் நேராகிவிடும். ஆகாவிட்டால் ஆக்சிலின் வளையங்களை இடம் மாற்றி, ஸ்போக்குகளை இழுத்து ரிம்மை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். வீல் கோட்டம் எடுத்துப் பழக்கமில்லை என்றால் இந்தப் பகுதியை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

எத்தனை பல் வைப்பது? இப்போது ஓடும் கியர்களிலேயே ஒன்றைத் தேர்ந்து, சில நாள் லீவரைத் தொடாமல் வழக்கமான பாதையில் ஓட்டுங்கள். ஏற்றமும் எதிர்காற்றும் பதில் சொல்லிவிடும். முன்னால் 42, பின்னால் 16 பல் என்றால் ஒரு மிதிச் சுற்றுக்குப் பின் சக்கரம் 2.6 முறை சுற்றும். ரோடு சைக்கிளின் பெரிய டயருக்கு அது சுமார் 5.5 மீட்டர். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 26 கிலோமீட்டர் போலப் போகும். சமதளத்துக்கு நல்ல அளவு. மலைப்பாதையில் மண் தடத்துக்கு என்றால் அந்த 2.6 என்பது 2-க்குப் பக்கத்தில் வரும்படி பற்களை வையுங்கள்.

முன்னால் ஒரே ஒரு செயின் வீலை மட்டும் விட்டால் பழைய போல்ட்கள் நீளமாகிப் பிடிக்காது, குட்டை போல்ட் வேண்டும். செயின் வாங்கும்போது அகலத்தைப் பாருங்கள்: அகலச் செயின் மெல்லிய பல்லில் ஓடும், மெல்லிய செயின் தடித்த பல்லில் உட்காரவே உட்காராது. டென்ஷனர் இல்லாத சைக்கிளில் செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஆட வேண்டும். செயின் வீல்கள் துல்லியமான வட்டமாக இருப்பதில்லை, ஆகவே கிராங்க்கை மெதுவாகச் சுற்றி, செயின் மிக இறுக்கமாகும் இடத்தில் இதைப் பாருங்கள்.

கியர் தாவுகிறது என்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், டிரெயிலர் தொங்கும் கொக்கி வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பலருக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம், இதோடு சேர்த்து ஃபிக்ஸட் (சக்கரம் சுற்றும்வரை பெடலும் சேர்ந்தே சுற்றும் வகை) ஆக்கிவிடலாமே என்று யாராவது சொன்னால் அந்த ஃப்ரீவீல் ஹப்பில் செய்யாதீர்கள். பின்னோக்கி மிதித்து நிறுத்தும்போது பல்சக்கரம் இழையிலிருந்து கழன்றுவிடும். ஃபிக்ஸட் ஹப்பில் அதைப் பிடிக்க எதிர்த்திசை இழையில் ஒரு லாக் ரிங் இருக்கும், உங்கள் ஹப்பில் அதற்கு இடமே கிடையாது.