பாதி வெள்ளை மான்ஸ்டெராவும் ஒரு கணுவும்

கேள்வி: இலையில் பாதி பச்சை, பாதி வெள்ளையாக இருக்கும் மான்ஸ்டெரா ஆல்போ என்ற அலங்காரக் கொடி வாங்க ஆசை. இணையத்தில் ஒருவர் ஒற்றை இலைத் துண்டு தருகிறார். முழுச் செடியைவிட விலை எவ்வளவோ குறைவு. வாங்கலாமா அக்கா?

பதில்: முதலில் அடிப்பகுதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இலைக்காம்பு முடிகிற இடத்தில் கொஞ்சமாவது தண்டு இருக்கிறதா? அதில் வளையம் போல ஒரு தழும்பும், பக்கத்தில் சின்னப் புடைப்பாக மொட்டும் தெரிகிறதா? அதுதான் கணு. புதுத் தளிர் அங்கிருந்துதான் வரும்.

கணு இல்லாத இலைக்காம்பும் தண்ணீரில் வேர் விடும் என்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன். ஐந்து மாதம் கண்ணாடிக் குடுவையில் வைத்து, வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றினேன். வேர் ஒரு சாண் நீளம் வந்தது, தளிர் மட்டும் வரவே இல்லை. விற்றவரைக் கேட்டால் "பொறுமையாக இருங்கள்" என்றார். இலையே பொறுமையிழந்து வாடிவிட்டது.

கணு இருந்தாலும் தண்டைப் பாருங்கள். வெள்ளைக் கோடு மொட்டை ஒட்டி ஓட வேண்டும். ஆல்போவில் இருவகைச் செல்கள் ஒரே உடம்பில் சேர்ந்திருக்கின்றன. மொட்டு எந்தச் செல்லிலிருந்து கிளம்புகிறதோ, இலை அந்த நிறம். முழுப் பச்சைத் தண்டில் பெரும்பாலும் பச்சை இலைதான் வரும். முழு வெள்ளை அதைவிட மோசம்: பச்சையம் இல்லாததால் தனக்கான உணவை அதனால் தயாரிக்க முடியாது. முதல் செடி என்றால் ‘தாய் கான்ஸ்டலேஷன்’ (Thai Constellation) என்ற மான்ஸ்டெரா வகையை வாங்குங்கள் என்பேன். திசு வளர்ப்பில் வருவது, அதன் க்ரீம் நிறப் புள்ளிகள் அவ்வளவு எளிதில் மறைவதில்லை. அப்புறம், பிங்க் காங்கோ என்று ரோஜா நிற இலையோடு ஒரு பிலோடென்ட்ரான் (மான்ஸ்டெராவின் உறவுச் செடி) கண்ணில் பட்டால் நகர்ந்துவிடுங்கள். சில மாதங்களில் பச்சையாகிவிடும்.

கேள்வி: போன மாதம் பிலோடென்ட்ரான் மெலனோகிரைசம் வாங்கினேன். வந்த அன்றே பெரிய தொட்டிக்கு மாற்றி, தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். இலைகள் மஞ்சளாகின்றன.

பதில்: கொஞ்சம் அதிகமாகவே பாசம் காட்டிவிட்டீர்கள். கொலம்பியக் காடுகளில் மரத்தைப் பற்றி ஏறுகிற கொடி அது. வேர் பட்டையோடும் பாசியோடும் இருக்கும், காற்று எந்நேரமும் படும். பெரிய தொட்டியில் ஈர மண் நாள்கணக்கில் காயாது, வேர் மூச்சுத் திணறி அழுகும்.

செடியை எடுத்து வேரைப் பாருங்கள். கொழகொழவென்று பழுப்பாக இருப்பதைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, வேருக்கு அளவான சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள். ஆர்க்கிட் பட்டைத் துண்டு, பெர்லைட் (வெள்ளையான, லேசான கல் துகள்), கொஞ்சம் தேங்காய் நார்த்தூள் கலந்தால் போதும். மேல் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். உரம் இப்போது வேண்டவே வேண்டாம். இலையில் தண்ணீர் தெளிப்பதாலும் பெரிய பயன் இல்லை, அந்த ஈரப்பதம் சில நிமிடங்களில் போய்விடும். இடம் மாறிய சோர்வில் அடியிலுள்ள ஓரிரு பழைய இலைகள் உதிர்ந்தால் பயப்படாதீர்கள்.

புதுச் செடியை மூன்று வாரமாவது மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். டார்ச் அடித்து இலையின் அடிப்பக்கம் பாருங்கள். வெள்ளிக் கீறலும் கறுப்புப் புள்ளிகளும் இருந்தால் இலைப்பேன்.

கேள்வி: கொடி பற்றி ஏற நட்டுவைக்கும் பாசிக் கம்பம், அதாவது மாஸ் ஸ்டிக், கட்டாயமா?

பதில்: இல்லாவிட்டால் செடி செத்துவிடாது, ஆனால் இலை சிறிதாகவே நிற்கும். காற்றுவேர் எதையாவது பற்றி ஏறினால்தான் இலை பெரிதாகும். காட்டில் சில மான்ஸ்டெரா நாற்றுகள் வெளிச்சத்தை விட்டு இருட்டான பக்கம் நோக்கி ஊர்ந்து போகுமாம். அந்த இருட்டு பெரும்பாலும் ஒரு மரத்தின் அடி! 1975இல் ஸ்ட்ராங், ரே என்ற இருவர் இதை எழுதினார்கள். அதற்காகச் செடியை இருட்டறையில் வைத்துவிடாதீர்கள். மரம் கிடைத்ததும் அது வெளிச்சம் தேடித்தான் ஏறும். கம்பத்தை ஈரமாக வையுங்கள். கட்டும்போது தண்டைக் கட்டுங்கள், இலைக்காம்பை விட்டுவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது. ஆபத்தா?

பதில்: மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான் இரண்டிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. மென்றால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், வாந்தி வரலாம். கடித்துவிட்டால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். செடியைப் பூனைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அப்படி ஓர் உயரம் உங்கள் வீட்டில் இருந்தால் எனக்கும் எழுதுங்கள்.