அபராதம் கட்டப் பணமில்லை, தம்பியை எப்படி வெளியே கொண்டுவருவது?

கேள்வி: நான் ஏற்காடு மலையில் காபித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறேன். திருவிழாத் தகராறில் ஒருவரை வெட்டிய வழக்கில் என் தம்பிக்கு மூன்று வருடக் கடுங்காவல், 10,000 ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் ஆறு மாதம் என்று தீர்ப்பானது. மிரட்டினான் என்று இன்னொரு பிரிவில் ஒரு வருடம், 5,000 ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் மூன்று மாதம். தண்டனைகளை ஏக காலத்தில் அனுபவிக்கலாம் என்று தீர்ப்பில் இருக்கிறது. சேலம் மத்திய சிறையில் இருக்கிறான். அடுத்த மாதம் மூன்று வருடம் முடிகிறது. போன வாரம் மனு போட்டுப் பார்க்கப் போனபோது, அபராதம் கட்டாவிட்டால் இன்னும் ஒன்பது மாதம் உள்ளே இருக்க வேண்டுமாம் என்று அழுதான். கோர்ட் பக்கம் ஒருவர் 25,000 கொடுத்தால் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கையில் இல்லாவிட்டால் அவரே வட்டிக்கு வாங்கித் தருவாராம், வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து போட்டால் போதுமாம். என்ன செய்வது ஐயா?

பதில்: அம்மா, முதல் வேலையாக அந்தப் பத்திரத்தில் கையெழுத்து போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பி வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் தம்பி கட்ட வேண்டியது 15,000. அந்த மனிதர் கேட்பது 25,000. மீதி 10,000 எதற்கு என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். "உள்ளே ஆள் இருக்கு, அங்கே கொடுக்கணும்" என்பார். உள்ளே ஆள் இருக்கிறார்தான், அவர் உங்கள் தம்பி. அபராதம் நீதிமன்றத்துக்குப் போகிற அரசுப் பணம். அதைக் கட்ட எந்த ஆளும் வேண்டாம். ரசீது மட்டும் வேண்டும்.

ஒன்பது மாதம் என்று தம்பி சொன்னது சரியா என்றால், வருத்தத்தோடு சொல்கிறேன், சரிதான். "ஏக காலத்தில்" என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு எல்லாம் ஒன்றாக ஓடிவிடும் என்று நினைக்காத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. ஏக காலம் என்பது மூன்று வருடத்துக்கும் ஒரு வருடத்துக்கும்தான். அபராதம் கட்டாததற்கான சிறை அதில் சேராது. ஒன்று முடிந்து இன்னொன்று என்று வரிசையாகத்தான் போகும். 2018இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. விசாரணைக் காலத்தில் ரிமாண்டில் இருந்த நாட்களும் மூன்று வருடத்தில்தான் கழியும், இந்த ஒன்பது மாதத்தில் கழியாது. தீர்ப்பு சொல்கிற அன்றைக்கு யாராவது இதைக் கூண்டில் நிற்பவனுக்கு விளங்கும்படி இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் உங்களுக்கு மூன்று வருட அவகாசம் கிடைத்திருக்கும். சொல்ல மாட்டார்கள். தீர்ப்பை வாசிப்பார்கள், அடுத்த வழக்கைக் கூப்பிடுவார்கள்.

சரி, வழி என்ன?

நீங்கள் வட்டிக்கு வாங்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். அபராதமோ ஜாமீன் தொகையோ கட்ட முடியாமல் சிறையில் கிடக்கும் ஏழைகளுக்கு உதவி செய்வதாக 2023–24 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அந்த ஆண்டே திட்டமும் வந்தது. ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் என்று கேட்டாலே புரியும். அபராதம் கட்ட முடியாமல் ஒருவர் வெளியே வர முடியவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் அதை, இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கு ஏழு நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். செயலாளர் குடும்பத்தின் வசதியை விசாரிப்பார், அதற்கும் ஏழு நாள்தான். அதன்பின் மாவட்ட ஆட்சியர், காவல் துறை, சிறை, சட்டப் பணிகள் ஆணைக்குழு, மாவட்ட நீதிபதி நியமிக்கும் நீதிபதி எல்லாரும் இருக்கும் குழு ஒப்புதல் கொடுக்கும். அந்த வழிகாட்டுதலின்படி 25,000 ரூபாய் வரை மாவட்டக் குழுவே கொடுக்கலாம். உங்கள் தம்பியின் தொகை அதற்குள் அடங்கிவிடுகிறது. பணம் உங்கள் கைக்கு வராது, நேராக நீதிமன்றத்தில் கட்டப்படும்.

காகிதத்தில் எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். கண்காணிப்பாளர் தானே கணக்குப் பார்த்து, தானே கடிதம் போட வேண்டும், குடும்பம் ஓட வேண்டியதே இல்லை. நடைமுறையில் பணம் டெல்லியிலிருந்து வர வேண்டும், சிறை மாநில அரசின் கையில், அபராதமோ நீதிமன்றத்தின் கணக்கில். மூன்று பேரும் மற்ற இருவரின் கடிதத்துக்காகக் காத்திருப்பார்கள். ஓர் ஊரில், பெயர் வேண்டாம், ஒரு காகிதம் ஓர் அலுவலகத்திலிருந்து எதிர்ச்சாரியில் இருந்த இன்னோர் அலுவலகத்துக்குப் போக பத்தொன்பது நாள் ஆனது. நடந்து போனால் நான்கு நிமிடம். நடந்து போய் நானே தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று தோன்றியது. அதற்கும் விதி இடம் கொடுக்காது.

அதனால் நீங்கள் காத்திருக்க வேண்டாம். மூன்று வருடம் முடிந்த பிறகு மனு கொடுத்தால் செயலாளரும் குழுவும் எடுத்துக்கொள்ளும் நாட்கள் எல்லாம் அந்த ஒன்பது மாதத்தில்தான் ஓடும். இப்போதே கொடுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் எழுதினால் போதும்: தம்பியின் பெயர், கைதி எண், வழக்கு எண், எந்த நீதிமன்றம், அபராதம் எவ்வளவு, தண்டனை முடியும் தேதி, கட்ட எங்களிடம் வசதியில்லை. தமிழில் எழுதுங்கள். அதே மனுவை சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒன்று, சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்கு ஒன்று. உங்கள் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும், அதில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். "வைச்சுட்டுப் போங்க, பார்க்கிறோம்" என்றால் வைத்துவிட்டு வராதீர்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே தம்பியையும் சிறை நல அலுவலரிடம் இதே விஷயத்தைச் சொல்லச் சொல்லுங்கள். சிறையில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் சட்ட உதவி பற்றிச் சொல்வார்கள். தீர்ப்பு நகல் தண்டிக்கப்பட்டவருக்கு இலவசம். "காப்பி எடுக்க 3,000 ஆகும்" என்று அந்த மனிதரே சொல்லியிருப்பார், சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

குழு இழுத்தடித்தால்? பகுதியாகவும் கட்டலாம், இதைப் பலரும் சொல்லித் தருவதில்லை. 10,000 ரூபாய்க்கு ஆறு மாதம் என்றால், 5,000 கட்டினால் மூன்று மாதத்தில் அந்தக் கணக்கு முடியும். முதல் நாளே கட்டினாலும் சரி, மூன்றாவது மாதம் கட்டினாலும் சரி. 7,500 கட்டினால் ஒன்றரை மாதம். முழுதும் கட்டிய நிமிடம் அந்தச் சிறை முடிந்துவிட வேண்டும். உங்கள் வழக்கு பழைய தண்டனைச் சட்டக் காலத்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்தாலும் இந்தக் கணக்கு மாறவில்லை. சின்னத் தொகையான 5,000 ரூபாய் அபராதத்தை நீங்களே புரட்டிக் கட்ட முடிந்தால் மூன்று மாதம் உடனே போய்விடும். தோட்டத்தில் சம்பள முன்பணம் கேளுங்கள், மகளிர் குழுவில் கேளுங்கள். தம்பி உள்ளே வேலை செய்திருந்தால், பிடித்தம் போக அவன் கணக்கில் கூலி இருக்கும். அதைப் பற்றி நல அலுவலரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். வெற்றுப் பத்திர வட்டிக்கு மட்டும் போகாதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. ஆனால் கையெழுத்து போட்டுவிட்டு அந்தச் சட்டத்தைத் தேடி ஓடுவது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். தறிக்காரர்களும் லாரிக்காரர்களும் இப்படிக் கையெழுத்து போட்டுவிட்டு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கு வாங்கியவர் பத்திரத்தில் லட்சத்துக்கு வாங்கியிருப்பார்.

பணம் கட்டினால் ரசீது. அதில் வழக்கு எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பல வருடங்களுக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். மகனுக்கு அப்பீல் போட்டபோதே அபராதம் கட்டியாகிவிட்டது. அப்பீல் தோற்று மகன் திரும்ப உள்ளே போனான். தண்டனை முடிந்த அன்று கேட்டால், வாரண்டில் அபராதம் பாக்கி என்று இருக்கிறது, விட முடியாது என்றார்கள். அந்த அம்மா ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் கிழிந்து, எண்ணெய் பட்டு, தொகை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தாள் இருந்ததால் பதினொரு நாளில் வெளியே வந்தான். இல்லையென்றால் கட்டிய பணத்துக்கே ஆறு மாதம் இருந்திருப்பான். அந்தப் பதினொரு நாளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எனக்கே அன்றைக்கு ஆள் வெளியே வந்தால் போதும் என்றிருந்தது.

இப்போது ஒரு விஷயத்தைப் பொறுமையாகப் படியுங்கள். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை எடுத்து, "அபராதத் தொகையில் இவ்வளவு ரூபாயைக் காயம்பட்டவருக்கு இழப்பீடாகக் கொடுக்க வேண்டும்" என்று எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். வெட்டுக்காய வழக்குகளில் இப்படி எழுதுவதுண்டு. ஏன் கேட்கிறேன் என்றால், பொதுவாக ஒருவர் அபராதத்துக்குப் பதில் முழுச் சிறையையும் இருந்துவிட்டு வந்தால், அதற்குப் பிறகும் அதே அபராதத்துக்கு ஜப்தி போடுவதற்கு நீதிமன்றம் தனிக் காரணத்தை எழுத்தில் காட்ட வேண்டும். லேசில் போட மாட்டார்கள். ஆனால் இழப்பீடு என்று அதில் ஒதுக்கியிருந்தால் கதை வேறு. ஒன்பது மாதமும் இருந்துவிட்டு வந்த பிறகும் வசூல் வரலாம். இருந்ததும் போச்சு, பணமும் போச்சு. செக் வழக்குகளில் இன்னும் மோசம். அங்கே அபராதம் என்றே போடாமல் நேராக இழப்பீடு என்று போட்டிருப்பார்கள். உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் கடன் தீராது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லியிருக்கிறது. அதனால் "பணம் எதுக்கு, பேசாம உள்ள இருந்துட்டு வந்துடட்டும்" என்று ஊரில் யாராவது சொன்னால், கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் தலையாட்டாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் சட்டப் பணிகள் அலுவலகத்தில் அந்த ஒரு பத்தியை மட்டும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படி உள்ளே வைத்திருப்பதற்கு அரசிடம் நஷ்டஈடு கேட்க முடியாதா என்றும் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். கேட்கலாம். அபராதம் பாக்கியாக இருக்கும்வரை அவர்கள் வைத்திருப்பது சட்டப்படி சரி, அதற்கு நஷ்டஈடு கிடையாது. அபராதம் கட்டிய பிறகோ, காலம் முடிந்த பிறகோ ஒரு நாள் கூட வைத்திருந்தாலும் அது தவறான காவல். அதற்கு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம், இழப்பீடும் கேட்கலாம். பீகாரில் விடுதலையான பிறகும் பதினான்கு வருடம் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983இல் உச்ச நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது 35,000 ரூபாய். 2022இல் சத்தீஸ்கரில் ஏழு வருடத் தண்டனைக்குப் பத்து வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தவருக்கு ஏழரை லட்சம். தொகை கூடியிருக்கிறது, தவறு நிற்கவில்லை. விடுதலைத் தேதி எது என்று சொல்ல மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒருவரின் உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். மனுவின் மேலேயே "தனிநபர் சுதந்திரம் சம்பந்தப்பட்டது" என்று கொட்டை எழுத்தில் எழுதிவிடுங்கள்.

எனக்கு ஒரு கணக்கு மட்டும் எப்போதும் உதைக்கும். 15,000 ரூபாய்க்கு ஒன்பது மாதம். நாளைக்கு 55 ரூபாய் சொச்சம். சேலத்தில் ஒரு தட்டுவடை செட்டும் டீயும் சாப்பிடும் காசு. அதை வசூலிக்க ஒரு ஆளுக்கு மூன்று வேளைச் சோறு போட்டு, பூட்டி, காவல் போட்டு வைத்திருக்கிறோம். கடைசியில் அந்த 15,000மும் வருவதில்லை.

நீங்கள் சேலம் வர நாள் பார்க்கும்போது வார நாளாகப் பாருங்கள். இருபது வளைவும் இறங்கி வரும் ஏற்காட்டு பஸ் அஸ்தம்பட்டி வழியாகத்தான் போகும், அங்கேயே இறங்கிவிடுங்கள். சிறையும் அங்கேதான், கோர்ட் வளாகமும் அங்கேதான். ஆதார், ரேஷன் கார்டு, தீர்ப்பு நகல், மனு மூன்று பிரதி, ஒரு பேனா. வாசலில் யாராவது "எங்க அம்மா போறீங்க, என்ன கேஸ்?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் உள்ளே போங்கள்.